டீக்கன் வாய் வைத்த கூடை

லானி மஸீக் கொடுக்க வேண்டிய கடன் முந்நூற்று எண்பத்தைந்து டாலர். தின்றது அவன் இல்லை, டீக்கன்.

டீக்கன் ஒரு கோவேறு கழுதை. சார்ல்ஸ்டன் என்ற கடலோர ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிய வண்டியை இழுப்பது அதன் வேலை. மேலே உட்கார்ந்து கதை சொல்வது லானியின் வேலை. பதினைந்து வருஷமாக இருவரும் ஒரே வெயிலில் வெந்தவர்கள். தலையைத் தொங்கப் போட்டு, கண்ணைப் பாதி மூடி, சர்ச்சில் டீக்கன் என்கிற மூப்பர் ஜெபம் பண்ணுகிற மாதிரி அது நிற்கும். பெயர் அப்படித்தான் வந்தது. ஜெபத்தில் நிற்கிறதென்றால் வாய்க்கு எட்டும் தூரத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

போன மாதம் மார்க்கெட் முனையில் வண்டிகள் முறைக்குக் காத்து நின்றபோது டீக்கன் ஜெபத்தில் நின்றது. லானி வாரை இறுக்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது, மிஸ் ஒடெஸா பிரியோலோவின் கடையில் முன்வரிசையில் இருந்த பெரிய வாசப்புல் கூடைக்கு ஒரு பக்கம் இல்லை.

"நல்லா மென்னு திங்கச் சொல்லு லானி" என்றாள் மிஸ் ஒடெஸா. "விரல் தேயத் தேயப் பின்னின கூடை. செரிக்காம போயிடப் போகுது."

"மிஸ் ஒடெஸா, நான்..."

"முந்நூத்தி எண்பத்தஞ்சு. கழுதைக்கு வேற விலை, மனுஷனுக்கு வேற விலைன்னு என் கடையில கிடையாது."

லானி கேட்டது ஒன்றே ஒன்றுதான். முதலாளி ஹேவர்டிடம் சொல்லக் கூடாது. ஏனென்றால் ஹேவர்ட் ஏற்கெனவே விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருந்தார். "மணப்பெண்ணோட பூச்செண்டு, அது ஒண்ணு. ஜட்ஜய்யாவோட வைக்கோல் தொப்பி, அது ரெண்டு. இன்னொரு தடவை உன் கழுதை ஊரான் சாமான்ல வாய் வெச்சா, லாரியில ஏத்தி ஏலத்துக்கு அனுப்பிடுவேன்."

ஏலத்தில் இந்த வயசுக் கழுதையை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று லானி ஒருதரம் யோசித்துப் பார்த்தான். அப்புறம் அந்தப் பக்கம் யோசனையை விடவில்லை.

மாதக் கடைசிக்குள் முழுசாகத் தருகிறேன் என்றான். மிஸ் ஒடெஸாவும் சரி என்றாள். மாதம் வந்த வேகத்தில் போய்விட்டது. லானியின் சட்டைப் பையில் மடித்து வைத்த தொண்ணூறு டாலர்தான் இருந்தது.

முதலில் கொஞ்ச நாள், வண்டி கடைப்பக்கம் போனாலே மிஸ் ஒடெஸா குரல் கொடுப்பாள். "என் கூடை என்ன சொல்லுது லானி, வயித்துக்குள்ள சௌக்கியமா?" லானி தொப்பியை இறக்கிக்கொண்டு போய்விடுவான். பிறகு ஒருநாள் அவள் திட்டுவதை நிறுத்தினாள். அதற்கடுத்த நாள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு டீக்கனையும் பார்த்துச் சிரித்தாள்.

திட்டுகிற கடன்காரியைச் சமாளித்துவிடலாம். சிரிக்கிறவளை என்ன செய்வது? அன்றிலிருந்து லானி மார்க்கெட் முனையில் அவள் கடைப்பக்கம் திரும்பாமலே வண்டியை ஓட்டினான்.

இன்று காலை வண்டி பூட்டும்போதே லாயத்துக்காரன் சொன்னான். "விடிஞ்சும் விடியாம மிஸ் ஒடெஸா வந்திருந்தாங்க. டீக்கன் எத்தன மணிக்குத் தீனி திம்பான், எது பிடிக்கும், பல்லெல்லாம் கெட்டியா இருக்கான்னு கேட்டாங்க."

"பல்லா?"

"ஆமா. பல்லத்தான் ரொம்பக் கேட்டாங்க."

பல்லைப் பார்ப்பது விலைக்கு வாங்குகிறவன் வேலை. கடனுக்குக் கழுதையைப் பிடித்துக்கொள்ளப் போகிறாளா?

இடுப்பில் இருந்த ரேடியோ கரகரத்தது. ஐசக். கழுவுகிற வண்டி ஓட்டுகிறவன். கோவேறு கழுதை தெருவில் மூத்திரம் பெய்தால் வண்டிக்காரன் அந்த இடத்தில் ஒரு கனமான கொடியைப் போட்டுவிட்டு ரேடியோவில் இடத்தைச் சொல்ல வேண்டும். ஐசக் தண்ணீர் லாரியோடு வந்து கழுவி, கொடியை எடுத்துப் போவான். ஊர் சட்டம் அது.

"லானி, மிஸ் ஒடெஸா உன்னத் தேடுது."

"நான் இல்லன்னு சொல்லு."

"கழுதையோட வரச் சொல்லுது. கழுதை இல்லாம நீ மட்டும் வந்தா பேசவே பேசாதாம்."

"எதுக்குடா கழுதை?"

"அத ரேடியோவுல சொல்ல முடியாது. முதலாளி கேட்டுட்டிருப்பாரு. நேர்ல வா."

ரேடியோவில் சொல்ல முடியாத அளவுக்கு என்ன பேசியிருப்பாள் என்று லானியால் ஊகிக்க முடிந்தது. மார்க்கெட்டில் அவள் வாய்க்குப் பேர் உண்டு.

பயணிகளை ஏற்றிக்கொண்டு வண்டி மார்க்கெட் முனைக் கூண்டுக்கு வந்தது. அங்கே நகராட்சிக்காரர் ஒருவர் பந்து உருட்டுவார். விழுகிற பந்தின் நிறத்துக்கு ஒரு வழி. பச்சை விழுந்தால் கடற்சுவர்ப் பக்கம், சிவப்பு விழுந்தால் மார்க்கெட்டைச் சுற்றி. விழுந்த வழியை விட்டு விலகினால் அபராதம். லானி கண்ணை மூடி, பச்சை, பச்சை என்று முணுமுணுத்தான்.

"சிவப்பு" என்றார் கூண்டுக்காரர்.

"ஐயா, இவனுக்கு உடம்பு சுடுது. இந்த நடை வேணாம்னு நெனைக்கிறேன்."

கூண்டுக்காரர் வெளியே வந்து டீக்கனுக்கு உஷ்ணம் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என்னை விட இவன் குளுமையா இருக்கான். கிளம்பு."

இந்தப் பேச்சில் போன நேரத்துக்குள் எதிர்க் கடையில் மிஸ் ஒடெஸா தலையைத் தூக்கிவிட்டாள். நாற்காலியிலிருந்து எழுந்தாள். காலடியில் இருந்த பெரிய துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சிரித்தாள்.

"லானி, அங்கயே நில்லு. கழுதைய அவுக்காத."

லானி வாரைச் சொடுக்கினான். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக டீக்கன் துள்ளி நடந்தது.

வண்டியில் பத்துப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் செல்போனில் இருந்தார்கள். முன்பலகையில் ஓஹாயோவிலிருந்து வந்த நார்மன், டோரிஸ் என்ற வயதான தம்பதி. டோரிஸ் லானியின் முதுகைத் தட்டினாள்.

"முதல்ல எங்களுக்குக் கூடைக் கடைங்கதான் பாக்கணும். கோட்டை, சர்ச்சு எல்லாம் அப்புறம்."

"மார்க்கெட் இன்னைக்கு லீவு மேடம்."

நார்மன் இடப்பக்கம் பார்த்தார். மார்க்கெட்டின் நீளக் கட்டடம் முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம்.

"அது என்ன?"

"அது... குப்பை கூட்டறவங்க சார்."

"இத்தன பேரா?"

"பெரிய மார்க்கெட் சார்."

டோரிஸ் விடவில்லை. "எங்க பக்கத்து வீட்டு பெவர்லி ரெண்டு வாரம் முன்னாடி இங்கேருந்து ஒரு கூடை வாங்கிட்டு வந்தா. வீட்டுக்கு யார் வந்தாலும் அதத்தான் எடுத்துக் காட்டுறா. மார்க்கெட்டுக்கே அது மாதிரி ஒண்ணுதான்னு பீத்தல். எந்தக் கடைன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறா. என்ன விசேஷம்னு கேட்டா சிரிக்கிறா. அந்தக் கடைய நான் கண்டுபிடிக்காம ஊருக்குப் போக மாட்டேன்."

"எல்லாக் கூடையும் ஒரே புல்லுதான் மேடம். வாசப்புல்லு. பார்த்தா ஒண்ணு போலத்தான் இருக்கும்" என்றான் லானி. அவனுக்கே மனசு கேட்கவில்லை. அவன் அம்மா வழியில் மூன்று பேர் கூடை பின்னுகிறவர்கள். இந்தப் பேச்சை அவர்கள் கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை இறால் கஞ்சி கிடைக்காது.

வண்டி மார்க்கெட்டைச் சுற்றி மறுமுனைக்கு வர ஒரு நாழி பிடிக்கும். கட்டடத்துக்குள்ளேயே நேராக நடந்தால் கொஞ்ச நேரம்தான். லானி இதை மறந்துபோனான். மிஸ் ஒடெஸா மறக்கவில்லை. முனை திரும்பியதும் நடுத்தெருவில் அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. ஒரு கை பைக்குள் இருந்தது.

"நில்லுப்பா. சாப்பிட்டானா அவன்?"

யாரைச் சொல்கிறாள் என்று லானி கேட்கவில்லை. வலப்பக்கம் ஒரு சந்து தெரிந்தது. சிவப்பு வழியில் அந்தச் சந்து கிடையாது. லானி வாரை வலப்பக்கம் இழுத்தான்.

மணிக்கூண்டுச் சந்து என்று பெயர். வண்டி ஒன்று போகத்தான் அகலம். இரண்டு பக்கமும் பழைய வீடுகள். தாழ்வாரங்களில் பெரிய பெரிய பெரணிச் செடிகள் தொங்கின. எட்டுப் பேரும் செல்போனை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

"இந்தத் தாழ்வாரக் கூரையெல்லாம் பாருங்க, நீலம்" என்றான் லானி. ஓடிவந்தவன் ஏதாவது பேசித்தான் ஆக வேண்டும். "பேய் வராம இருக்க அந்த நீலம். பேய்க்குத் தண்ணின்னா பயம். மேல பார்த்தா தண்ணின்னு நெனச்சுத் திரும்பிப் போயிடும்."

"கடன்காரங்களும் போயிடுவாங்களா?" என்றார் நார்மன் சும்மா வேடிக்கைக்கு.

லானி திரும்பி அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

அப்போதுதான் டீக்கன் நின்றது. கால்களை அகட்டியது. இது ஜெபம் இல்லை. வேறு காரியம்.

காலையிலிருந்து குடித்த தண்ணீர் முழுவதும் மணிக்கூண்டுச் சந்தில் இறங்கியது. விட்டைக்கென்று பின்னால் பை கட்டியிருக்கிறது. இதற்கு எந்தப் பையும் கிடையாது. பின்பலகையில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கொடியைப் போட வேண்டும். போட்டால் இடத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் வழி விலகியது தெரிந்துவிடும். போடாமல் போனால் அதற்கும் அபராதம். அதுவும் எந்த வீட்டு வாசல் என்று பார்த்தால், மிஸஸ் பெரோனோ வீட்டு வாசல். கழுதை நாற்றம் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்.

லானி கொடியைப் போட்டான். ரேடியோவை வாயருகே கொண்டுபோனான். "ஐசக், பீரங்கித் தெரு முனையில ஒண்ணு."

பீரங்கித் தெரு சிவப்பு வழிக்குள் இருந்தது. வாயில் வந்த முதல் பொய் அதுதான்.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ பேசியது. "பீரங்கித் தெருவுல நிக்கறேன். கொடி இல்லையே."

"கடல் ஏறி அடிச்சிட்டுப் போயிருக்கும்."

"கடல் ஏறுறது நாலு மணிக்கு. இப்ப பதினொண்ணு."

"அப்ப வெயில்ல காஞ்சிருக்கும்."

"கொடியுமாடா?"

குறுக்கே வேறொரு குரல். முதலாளி ஹேவர்ட். "என்ன அங்க?"

"ஒண்ணுமில்ல சார்" என்றான் லானி அவசரமாக. "சாப்பாட்டுக் கடை வாசல்னு சொல்றதுக்குப் பதிலா முனைன்னு சொல்லிட்டேன். ஐசக், கடை வாசல்ல கழுவிடு. நல்லா கழுவு."

ஐசக் சொன்னதைச் செய்கிறவன். பீரங்கித் தெருச் சாப்பாட்டுக் கடை வாசலில் ஈரம் எதுவும் அவன் கண்ணில் படவில்லை. இருந்தாலும் குழாயைத் திறந்தான். வெளியே போட்டிருந்த மேசைகளில் நண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது தெரியாது. அடுத்து ரேடியோவில் வந்தது கடைக்காரரின் குரல். அவர் எப்படி ஐசக்கின் ரேடியோவைப் பிடுங்கினார் என்பது கடைசி வரை தெரியவில்லை.

லானி ஒரு முடிவுக்கு வந்தான். கொடியை எடுத்துவிட்டால் சாட்சி போய்விடும். இறங்கினான். குனிந்தான். கொடி இல்லை.

"இதத்தான் தேடறீங்களா?"

வாசல்படியில் மிஸஸ் பெரோனோ நின்றார். இரண்டு விரலால் கொடியை எலி வாலைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

"இந்தச் சந்துல வண்டி வரக் கூடாதுன்னு நகராட்சியில நாலு வருஷம் நடந்து உத்தரவு வாங்கினவ நான்."

"தெரியும் மேடம். நீங்க நடந்தத ஊரே பேசுது."

"இந்தக் கொடியில உங்க கம்பெனி நம்பர் இருக்கு. அதுக்குக் கீழ போன் நம்பரும் இருக்கு. வசதியா இருந்தது."

"அப்ப போன்..."

"பண்ணிட்டேன்."

லானி கொடிக்குக் கையை நீட்டினான். அதற்குள் கண் ஓரத்தில் ஒன்று பட்டது. டீக்கன் தலையைத் தொங்கப் போட்டு, கண்ணைப் பாதி மூடியிருந்தது. மூக்கிலிருந்து அரை அடியில் மிஸஸ் பெரோனோவின் பெரணிச் செடி தொங்கியது.

ஹேவர்டின் கணக்கில் மூன்றாவது வாய். லானிக்கு முன்னால் ஏலத்து லாரி வந்து நின்றது.

யோசிக்க நேரமில்லை. தன் தலையில் இருந்த வைக்கோல் தொப்பியைக் கழற்றி டீக்கனின் வாயில் கொடுத்தான். டீக்கன் ஒரு கணம் பெரணியையும் தொப்பியையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பிறகு தொப்பியை வாங்கிக்கொண்டது.

டோரிஸ் எட்டிப் பார்த்தாள். "அது உங்க தொப்பி இல்ல?"

"இந்நேரம் அவனுக்கு ஒரு வாய் குடுக்கறது வழக்கம் மேடம்."

"தினமும் தொப்பியா?"

"வெயில் காலத்துல மட்டும்."

நார்மன் தன் தொப்பியைக் கழற்றி மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ரேடியோ பேசியது. ஹேவர்ட் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "லானி, லாயத்துக்கு வா. கழுதைய அவுத்துடாத. நான் வந்து பாக்கணும்."

காலையிலிருந்து எல்லோருக்கும் கழுதைதான் வேண்டியிருந்தது.

லாயத்துக்குப் போகிற வழியெல்லாம் லானி கோட்டையைக் காட்டவில்லை, பீரங்கியைக் காட்டவில்லை. யாரும் கேட்கவுமில்லை. டீக்கனின் பிட்டம் முன்னால் ஆடி ஆடிப் போவதைப் பார்த்துக்கொண்டே வந்தான். அந்தப் பிட்டத்தைத்தான் அவன் தன் மனைவியின் முகத்தைவிட அதிக நேரம் பார்த்திருக்கிறான். அவள் போய்ச் சேர்ந்த வாரம், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ராத்திரி லாயத்தில் வந்து படுத்திருந்தபோது அவன் போர்வையில் ஒரு மூலையை டீக்கன் தின்றுவிட்டது. அப்போதுதான் அந்த வாரத்தில் முதல்முறையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது.

பக்கத்தில் தண்ணீர் லாரி முந்திக்கொண்டு போனது. ஐசக் ஓட்டினான். அவன் பக்கத்தில், மடியில் துணிப்பையோடு, மிஸ் ஒடெஸா. லானியைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

கூடவே வேலை செய்கிறவனும் கைவிட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டான் லானி.

லாயத்து முற்றத்தில் ஹேவர்ட் இடுப்பில் கை வைத்து நின்றார். பயணிகள் இறங்கினார்கள். டோரிஸும் நார்மனும் மட்டும் போகாமல் வேலி ஓரமாக நின்றார்கள்.

"வழி விலகினது" என்று ஆரம்பித்தார் ஹேவர்ட். "பொய் இடம் சொன்னது. பன்னெண்டு பேரோட சூப்புல தண்ணி. தொப்பி எங்க?"

"காத்துல போயிடுச்சு சார்."

டீக்கனின் வாயோரத்தில் தொப்பியின் நாடா தொங்கிக்கொண்டிருந்தது. ஹேவர்ட் அதைப் பார்த்தார். டீக்கன் அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

"அது உன் தொப்பி. உன் பாடு. அபராதம் நீ கட்டற. இந்த மாசம் முழுக்க லாயம் நீதான் கூட்டற."

"சரி சார்."

"அது உன்னோட கணக்கு. இப்ப கழுதையோட கணக்குக்கு வரேன்." ஹேவர்ட் மிஸ் ஒடெஸாவின் பக்கம் திரும்பினார். "காலைல நீங்க இங்க வந்து இந்தக் கழுதையப் பத்தி விசாரிச்சிருக்கீங்க. நாளெல்லாம் இவனத் துரத்தியிருக்கீங்க. என்கிட்ட மறைக்க வேணாம் மிஸ் ஒடெஸா. இது உங்க கடையில வாய் வெச்சுதா?"

லானி சட்டைப் பையில் கையை விட்டான். தொண்ணூறு டாலர் வியர்வையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. எடுத்து நீட்டி, மீதியைச் சம்பளத்தில் பிடியுங்கள், இவனை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தான். 

மிஸ் ஒடெஸா டீக்கனைப் பார்த்தாள். அப்புறம் ஹேவர்டைப் பார்த்தாள்.

"என் கடையிலயா? இதுவா?" என்றாள். "முப்பது வருஷமா அந்த முனையில உக்காந்திருக்கேன். இவ்வளவு மரியாதை தெரிஞ்ச கழுதைய நான் பார்த்ததில்ல. நெதமும் தலையக் குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போகும்."

"அப்ப பல்ல எதுக்கு விசாரிச்சீங்க?"

"வயசான ஜீவன். எனக்கும் பல்லு வலி. பரிவு வராதா?"

"பையில என்ன?"

"என் பொழப்பு. உங்க கணக்குல வராதது." அவள் பையை இறுக்கிப் பிடித்தாள். "இந்தக் கழுதைய நீங்க ஏலத்துக்கு அனுப்பினதா காதுல விழுந்துச்சுன்னா, ஹேவர்ட், மார்க்கெட்ல இருக்கற அத்தன கூடைக்காரியும் உங்க லாயத்துக்கு முன்னால வந்து உக்காருவோம். சொல்லிட்டேன்."

ஹேவர்டுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத இடத்தில் நிற்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "நாளைக்குப் புதுத் தொப்பியோட வா" என்று லானியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

லானி மிஸ் ஒடெஸாவின் அருகே போனான். ஒட்டிய நோட்டுகளைப் பிரித்து நீட்டினான். "இப்பதைக்கு இதான் இருக்கு. மீதிய..."

அவள் அவன் விரல்களை மடக்கி, நோட்டுகளோடு அவன் சட்டைப் பைக்குள்ளேயே திணித்தாள்.

"அந்தக் கடன் தீந்து போச்சு லானி. போன மாசமே தீந்தது. இனி அந்தப் பேச்ச எடுக்காத."

"எப்படி மிஸ் ஒடெஸா..."

"தீந்துச்சுன்னா தீந்துச்சு. ஒரு புதுத் தொப்பி வாங்கு. வெறுந்தலையோட பாக்க நல்லால்ல."

சொல்லிவிட்டு அவள் டீக்கனிடம் போனாள். மூக்கைத் தடவிக் கொடுத்தாள். டீக்கன் தலையைத் தொங்கப் போட்டது. வேலி ஓரமாக நின்றிருந்த டோரிஸ் நார்மனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர்களை நோக்கி வேகமாக நடந்தாள்.

லானி தண்ணீர் லாரியின் பக்கமாகப் போய் நின்றான். ஐசக் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தான். லானி புறங்கையால் கண்ணைத் துடைத்தான். வெயில், வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"இந்தப் பொம்பளையப் பார்த்துத்தான் நான் ஓடினேன்டா ஐசக். அவ்வளவு பணம். ஒரு வார்த்தையில விட்டுட்டா. அதுவும் ஒரு கெழட்டுக் கழுதைக்காக. என்ன மனசுடா அது."

ஐசக் குழாயின் நுனியை மாட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"மனசா? டீக்கன் கடிச்ச அந்தக் கூடைய ஓஹாயோக்காரி ஒருத்தி கழுதைப் பல்லு பட்டதுன்னு ஆசையா அறுநூறு டாலருக்கு வாங்கிட்டுப் போயிட்டாடா. அந்தப் பையில இன்னும் நாலு கூடை இருக்கு, இவன் கடிக்கறதுக்குன்னே விளிம்புல வெல்லப்பாகு தடவினது. இவன் பசியோட இருக்கானான்னு கேக்கத்தான் அந்தம்மா காலைலேருந்து உன்னத் துரத்துது."